கதிர் தொட்ட பரம்பரை: விஞ்ஞானி ஹெர்மன் முல்லரின் வாழ்க்கை

(இளம் அறிவியல், விலங்கியல் – இரண்டாம் ஆண்டு)

அளவுக்கு மீறிப் பழுத்த வாழைப்பழத்தைச் சுற்றி மொய்க்கும் சிறு ஈக்களை நாம் எல்லோரும் அறிவோம். வீட்டில் அம்மா முந்தானையால் விரட்டும் அதே ஈயைத்தான் நம் விலங்கியல் ஆய்வுக்கூடத்தில் டிரோசோபிலா என்று பெயர் சொல்லி, மரியாதையோடு நுண்ணோக்கியின் கீழ் வைக்கிறோம். இந்த ஈயைத் துணையாகக் கொண்டு, கதிர்வீச்சு என்பது அதை வாங்கிய உடலோடு முடிந்துபோவதில்லை, அந்த உடலில் பிறக்கப்போகும் தலைமுறைகளையும் தொடக்கூடியது என்று உலகிற்கு எடுத்துக் காட்டியவர் ஹெர்மன் ஜோசப் முல்லர். பாடப் புத்தகத்தில் அவருக்குக் கிடைத்திருப்பது இரண்டே வரிகள். அந்த இரண்டு வரிகளுக்குப் பின்னால் இருக்கும் மனிதரை நம் கல்லூரித் தோழர்களுக்கு அறிமுகம் செய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இளமையும் வறுமையும்

முல்லர் 1890ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் அமெரிக்காவின் நியூயார்க் நகரில் பிறந்தார். அவருடைய பாட்டனார் ஜெர்மனி நாட்டின் ரைன் ஆற்றுப் பகுதியிலிருந்து, 1848ஆம் ஆண்டுப் புரட்சி தோற்ற பிறகு, அமெரிக்காவில் குடியேறியவர். தந்தையார் வெண்கலத்தில் கலைப்பொருள் செய்யும் குடும்பத் தொழிலை நடத்தி வந்தார். மகனுக்கு உயிரினங்களின் பரிணாமக் கதையைச் சொல்லி வளர்த்தவர் அவர்தாம். 1900ஆம் ஆண்டு அவர் காலமானபோது முல்லருக்கு வயது பத்துகூட நிரம்பவில்லை. அதன் பின் குடும்பம் சிறு வருமானத்திலேயே காலம் தள்ள வேண்டியதாயிற்று.

பள்ளியில் படிக்கும்போதே நண்பர்கள் சிலரோடு சேர்ந்து அறிவியல் மன்றம் ஒன்றைத் தொடங்கினார். 1907இல் உதவித்தொகை கிடைத்ததால் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர முடிந்தது. உதவித்தொகை மட்டும் போதவில்லை. விடுமுறையில் வங்கியில் தாள்களைச் சுமந்து ஓடும் எடுபிடி வேலை, விடுதியில் எழுத்தர் வேலை, இரவுப் பள்ளியில் வெளிநாட்டாருக்கு ஆங்கிலம் கற்பிக்கும் வேலை என்று கிடைத்ததையெல்லாம் செய்தார். பகுதி நேர வேலை பார்த்துக்கொண்டு படிக்கும் நம் தோழர்கள் பலருக்கு இந்தச் செய்தி ஒரு தெம்பைத் தரும் என்று நம்புகிறேன்.

ஈக்கள் அறை

அக்காலத்தில் கொலம்பியாவில் தாமஸ் ஹண்ட் மார்கன் என்னும் பேராசிரியர் பால் புட்டிகளில் ஈக்களை வளர்த்து, ஜீன்கள் குரோமோசோம்களின் மீது வரிசையாக அமைந்திருக்கின்றன என்பதை நிறுவிக்கொண்டிருந்தார். ஸ்டர்ட்டிவன்ட், பிரிட்ஜஸ் ஆகிய மாணவர்களும் அவருடன் இருந்தனர். வயிற்றுப்பாட்டுக்காக வேறு வேலைகளிலும் உழல வேண்டியிருந்த முல்லர், அந்த அறையின் முழுநேர உறுப்பினராகப் பல காலம் இருக்க முடியவில்லை. ஆயினும் அங்கே நடந்த விவாதங்களில் அவர் மூளை முன்னணியில் நின்றது. குரோமோசோம்கள் குறுக்கே கலத்தல் பற்றிய ஆராய்ச்சிக்காக 1916இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

ஒரு கேள்வி அவரை விடாமல் பற்றிக்கொண்டது. ஜீன் எப்போதாவது தானாக மாறுகிறது. அதைச் சடுதி மாற்றம் என்கிறோம். வெள்ளைக் கண் ஈ தோன்றியது அப்படித்தான். அந்த மாற்றம் ஆயிரக்கணக்கான ஈக்களில் எப்போதோ ஒன்றில்தான் காணக் கிடைக்கிறது. அரிதாக வருவதை எப்படி எண்ணுவது? எண்ண முடியாததை எப்படி ஆராய்வது? அதை மனிதன் விரும்பியபோது வரவழைக்க முடியுமா?

புட்டிக்குள் ஆண் ஈ உண்டா?

1920இல் முல்லர் ஆஸ்டின் நகரிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பணியேற்றார். அங்கேதான் அவருடைய மிகப் பெரிய ஆராய்ச்சி நடந்தது. அதற்காக அவர் உருவாக்கிய ஈ இனத்திற்கு சி எல் பி என்று பெயர். இதன் திட்டத்தைப் புரிந்துகொண்டால் முல்லரின் அறிவுக்கூர்மை நமக்குப் புலனாகும்.

இந்த இனத்துப் பெண் ஈக்கு இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள். அவற்றுள் ஒன்றில் மூன்று அடையாளங்களை அவர் சேர்த்து வைத்தார். முதலாவது, குறுக்கே கலத்தலைத் தடுக்கும் அமைப்பு. இரண்டாவது, ஒரு கொல்லி ஜீன். மூன்றாவது, கண்ணைக் குறுகிய பட்டையாக்கும் ஜீன். இந்தப் பெண் ஈயை, எக்ஸ் கதிர் பாய்ச்சிய ஆண் ஈயுடன் கலக்க விடுகிறோம். பிறக்கும் மகள்களில் பட்டைக் கண் உள்ளவற்றை மட்டும் தேர்ந்து, ஒவ்வொன்றையும் தனித்தனிப் புட்டியில் வளர்க்கிறோம். அந்த மகளிடம் உள்ள ஒரு எக்ஸ் குரோமோசோம் தாயிடமிருந்து வந்த கொல்லி. மற்றொன்று கதிர் பட்ட தந்தையிடமிருந்து வந்தது. அவளுடைய ஆண் மக்களில் பாதிப்பேர் தாய்வழிக் கொல்லி ஜீனால் மடிவது உறுதி. மீதிப் பாதிப்பேர் கதிர் பட்ட பாட்டனின் குரோமோசோமைப் பெறுவார்கள். கதிரினால் அதிலும் ஒரு கொல்லி ஜீன் தோன்றியிருந்தால் அவர்களும் மடிந்துவிடுவார்கள். ஆக, புட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தால் போதும். ஆண் ஈ ஒன்றுகூட இல்லையென்றால் அங்கே ஒரு புதிய சடுதி மாற்றம் நிகழ்ந்துள்ளது என்று பொருள். அரிதானதை எண்ணுவதற்கு வழி பிறந்துவிட்டது.

1926ஆம் ஆண்டின் இறுதியில் இச்சோதனைகள் தொடங்கின. ஆண் ஈ இல்லாத புட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. மிக அதிகமாகக் கதிர் பாய்ச்சிய ஈக்களில் சடுதி மாற்றம் இயல்பைவிட ஏறத்தாழ 150 மடங்கு பெருகியிருந்தது. 1927 ஜூலையில் சயன்ஸ் இதழில் இதைப் பற்றிய சுருக்கமான கட்டுரை வெளியாயிற்று. புள்ளிவிவரங்களை அதில் அவர் தரவில்லை. அதே ஆண்டு பெர்லினில் கூடிய உலக மரபியல் மாநாட்டில்தான் அவற்றை முழுமையாக எடுத்து வைத்தார். அவர் பெயர் உலகெங்கும் பரவியது. ஸ்டாட்லர் என்னும் மற்றோர் அமெரிக்க விஞ்ஞானி, பார்லிப் பயிரில் தாமாகவே இதே முடிவுக்கு வந்து சேர்ந்ததையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

புயலில் அகப்பட்ட வாழ்க்கை

புகழ் வந்ததே தவிர அமைதி வரவில்லை. உடன் பணியாற்றியவர்களோடு பிணக்கு, குடும்பத்தில் விரிசல், பொருளாதார வீழ்ச்சி, அவருடைய இடதுசாரிக் கருத்துகளுக்காக அரசு வைத்த உளவு ஆகியவை அவரை வாட்டின. 1932 ஜனவரியில் தூக்க மாத்திரைகளை விழுங்கித் தம் உயிரைப் போக்கிக்கொள்ள முயன்றார். நல்லவேளையாகப் பிழைத்தார். பின்னால் பல்லாயிரம் பேருக்குப் பயன்பட்ட ஒரு வாழ்க்கை அன்று முடிந்திருக்கக்கூடும் என்பதை எண்ணும்போது நெஞ்சம் பதறுகிறது.

அதே ஆண்டு பெர்லினுக்குப் போனார். 1933இல் அங்கே ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். முல்லர், வாவிலோவ் என்னும் ரஷ்ய அறிஞரின் அழைப்பை ஏற்று லெனின்கிராடுக்கும் பின்னர் மாஸ்கோவுக்கும் சென்றார். சமத்துவ நாட்டில் அறிவியல் செழிக்கும் என்று நம்பிச் சென்றவர் அவர். அங்கேயோ லைசென்கோ என்பவர், ஜீன் என்பதே பொய் என்று சாதித்து, ஆட்சியாளரின் செல்வாக்கைப் பெற்றுக்கொண்டிருந்தார். 1936 டிசம்பரில் நடந்த பெரும் விவாதத்தில் முல்லர் மரபியலின் பக்கம் நின்று அஞ்சாமல் பேசினார். டெக்சாஸில் அவருடன் பணியாற்றிவிட்டுத் தாயகம் திரும்பியிருந்த ஆகோல், லெவித் ஆகிய இருவரும் அடுத்தடுத்துக் கொல்லப்பட்டார்கள். வாவிலோவ் 1940இல் கைதாகி, 1943இல் சிறையிலேயே மாண்டார். 1937இல் ஸ்பானிய உள்நாட்டுப் போரில் இரத்தம் செலுத்தும் மருத்துவக் குழுவில் தொண்டு செய்யப் போகிறேன் என்று சொல்லித்தான் முல்லர் அந்நாட்டை விட்டு வெளியேற முடிந்தது.

பின்னர் மூன்று ஆண்டுகள் எடின்பரோவில் இருந்தார். அங்கே அவரிடம் ஆராய்ச்சி செய்தவர்களுள் வங்காளத்தைச் சேர்ந்த இராய் சௌதுரியும் ஒருவர். ஒரே அளவுக் கதிரைக் குறுகிய நேரத்தில் கொடுத்தாலும், பல நாள்களுக்குச் சிறிது சிறிதாகப் பரப்பிக் கொடுத்தாலும், ஈக்களில் விளையும் சடுதி மாற்றம் ஏறத்தாழ ஒன்றே என்று இந்த இந்திய மாணவர் காட்டினார். சிறு அளவுக் கதிர்கூடச் சேர்ந்துகொண்டே போகும் என்ற முல்லரின் கொள்கைக்கு இது ஒரு தூணாயிற்று.

ஹிரோஷிமாவின் குழந்தைகள்

1945 ஆகஸ்ட் 6ஆம் நாள் ஹிரோஷிமாவிலும் 9ஆம் நாள் நாகசாகியிலும் அணுகுண்டுகள் வீழ்ந்தன. அவ்வாண்டு முடிவதற்குள் இரு நகரங்களிலும் சேர்த்து ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர் இறந்தார்கள் என்பது பொதுவான மதிப்பீடு. மறு ஆண்டு, 1946இல், முல்லருக்கு மருத்துவத்திற்கான நோபல் பரிசு அளிக்கப்பட்டது. கண்டுபிடித்து 19 ஆண்டுகள் கழிந்த பிறகு அந்தப் பரிசு வந்ததற்கு அணுகுண்டும் ஒரு காரணம் என்பார்கள். ஈக்களின் கதை திடீரென்று மனிதரின் கதையாகிவிட்டது. பரிசேற்ற உரையில், கதிர்வீச்சில் ஆபத்தே இல்லாத அளவு என்று ஒன்று கிடையாது என அவர் வாதிட்டார்.

பிழைத்தவர்களுக்குப் பிறக்கும் குழந்தைகள் எப்படி இருப்பார்கள்? ஜேம்ஸ் நீல் என்னும் இளம் மருத்துவரை அமெரிக்கா 1946 இறுதியில் ஜப்பானுக்கு அனுப்பியது. 1947இல் அவருடைய திட்டத்தைப் பரிசீலிக்கக் கூடிய மரபியல் அறிஞர் குழுவில் முல்லரும் அமர்ந்திருந்தார். கதிர்வீச்சு மனிதரின் ஜீன்களையும் மாற்றியிருக்கும் என்று நம்பக் காரணம் உண்டு. ஆயினும் இந்த ஆய்வில் அது வெளிப்படையாகத் தெரியும் என்று உறுதி கூற முடியாது. இருந்தாலும் ஆய்வைச் செய்யாமல் விடக்கூடாது என்பதே குழுவின் முடிவு.

ஆய்வு நடந்த விதம் வியப்புக்குரியது. போருக்குப் பின் ஜப்பானில் உணவுப் பங்கீடு இருந்தது. கருவுற்ற பெண்கள் ஐந்தாம் மாதத்தில் பதிவு செய்துகொண்டால் கூடுதல் உணவு கிடைக்கும். அந்தப் பதிவோடு ஆய்வுப் பதிவையும் இணைத்தார்கள். இதனால் அந்நகரங்களின் கர்ப்பிணிகளில் பெரும்பாலோர் கணக்கில் வந்தனர். பெரும்பாலான பிரசவம் வீட்டில்தான். மருத்துவச்சிகள் செய்தி சொல்ல, மருத்துவர் போய்க் குழந்தையைப் பார்த்தார். 1948 முதல் 1954 வரை ஏறத்தாழ 77,000 குழந்தைகள் இவ்வாறு பரிசோதிக்கப்பட்டனர். ஊனம், பிறவி எடை, செத்துப் பிறத்தல், பிறந்தவுடன் இறத்தல், ஆண் பெண் விகிதம் ஆகியவை குறித்துக்கொள்ளப்பட்டன.

1956இல் நீலும் ஷல்லும் முடிவை வெளியிட்டார்கள். கதிர் பட்ட பெற்றோரின் குழந்தைகளுக்கும் மற்றக் குழந்தைகளுக்கும் இடையே புள்ளியியல்படி உறுதியான வேறுபாடு எதுவும் காணப்படவில்லை. பின்னர் குரோமோசோம்களையும் இரத்தப் புரதங்களையும் ஆராய்ந்தபோதும் முடிவு அதுவே.

இங்கே ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும். குண்டு விழுந்த அன்று தாயின் வயிற்றில் இருந்த குழந்தைகளில் சிலர் சிறுத்த தலையோடும் மூளை வளர்ச்சிக் குறைவோடும் பிறந்தார்கள். பிழைத்தவர்களிடையே இரத்தப் புற்றுநோயும் பெருகியது. இவை கதிர் நேராகத் தாக்கிய காயங்கள்; பரம்பரையாக வந்தவை அல்ல. பின்னாளில் கருவான குழந்தைகளின் நிலை வேறு. ஆனால் ஊரார் வாய்க்கு இந்த வேறுபாடு தெரியுமா? அணுகுண்டில் பிழைத்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் திருமணச் சந்தையில் பல காலம் ஒதுக்கி வைக்கப்பட்டார்கள். தங்களைப் பரிசோதிக்க வந்தவர்கள் சிகிச்சை அளிக்கவில்லையே என்ற மனக்குறையும் அம்மக்களிடம் இருந்தது. அது நியாயமான குறைதான்.

முல்லர் தோற்றாரா?

அப்படியானால் முல்லர் சொன்னது தவறா? இல்லை என்பதே என் சிற்றறிவுக்குப் படுகிறது. தோன்றும் சடுதி மாற்றங்களில் பெரும்பாலானவை ஒடுங்கு தன்மை உடையவை. முதல் தலைமுறையில் அவை முகம் காட்டுவதில்லை. பிழைத்தவர்களில் பலர் வாங்கிய கதிர் அளவும் குறைவு. சி எல் பி போன்ற ஏற்பாடு மனிதரிடம் இல்லை. சுண்டெலிகளில் கதிர்வீச்சு பரம்பரை மாற்றத்தை உண்டாக்குவது ஐயமற நிறுவப்பட்டுள்ளது. எனினும் ரஸ்ஸல் என்னும் விஞ்ஞானி 1958இல், சுண்டெலிகளுக்கு மெதுவாகக் கொடுக்கும் கதிர், ஒரேயடியாகக் கொடுப்பதைவிடக் குறைவான மாற்றத்தையே விளைவிக்கிறது என்று கண்டார். ஈக்களைக் கொண்டு முல்லர் வகுத்த கணக்கு இந்த இடத்தில் திருத்தம் பெற்றது. மிகச் சிறு அளவுக் கதிரின் தீமை பற்றிய விவாதம் இன்றும் ஓயவில்லை.

முல்லரிடம் நாம் ஏற்க முடியாத கருத்தும் இருந்தது. சிறந்த மனிதர்களின் விந்தணுவைச் சேமித்து மனித இனத்தையே உயர்த்தலாம் என்று அவர் இறுதிவரை நம்பினார். நாஜிகளின் இனவெறியை அவர் வெறுத்தவர்தாம். ஆனால் சிறந்த மனிதர் யார் என்று முடிவு செய்வது யார் என்ற கேள்விக்கு அவரிடம் தெளிவான விடை இல்லை. நம்மைப் போன்று முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்தவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருக்க முடியாது.

ஆனாலும் அவருடைய எச்சரிக்கையின் பயனை மறுக்க இயலாது. எக்ஸ் கதிரை விளையாட்டுப் பொருள்போல் கையாண்ட காலம் ஒன்று இருந்தது. அமெரிக்கச் செருப்புக் கடைகளில் கால் அளவு பார்க்கக்கூட அது பயன்பட்டது. மருத்துவர்கள் இனப்பெருக்க உறுப்புகளைக் காப்பு இல்லாமல் கதிரில் காட்டுவதை எதிர்த்து அவர் ஓயாமல் பேசினார். 1955இல் ரஸ்ஸலும் ஐன்ஸ்டைனும் வெளியிட்ட அணு ஆயுத எதிர்ப்பு அறிக்கையில் கையெழுத்திட்ட 11 பேரில் முல்லரும் ஒருவர். அங்கே குறிப்பிட்ட ரஸ்ஸல் தத்துவமேதை பெர்ட்ரண்ட் ரஸ்ஸல். அதே ஆண்டு ஜெனீவாவில் நடந்த அணுசக்தி மாநாட்டில் முல்லர் கட்டுரை படிப்பதை அமெரிக்க அணுசக்தி ஆணையம் தடுத்துவிட்டது. மாஸ்கோவில் பிடிக்காத உண்மையைப் பேசியவர், தம் சொந்த நாட்டிலும் அதே தொல்லையைச் சந்தித்தார். 1967 ஏப்ரல் 5ஆம் நாள் இண்டியானாபோலிஸ் நகரில் இயற்கை எய்தினார்.

நம் கடற்கரை

இக்கட்டுரையை நான் எழுதக் காரணம் உண்டு. நான் குமரி மாவட்டக் கடற்கரைச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்தவன். மணவாளக்குறிச்சி முதல் கேரளத்துச் சவறை வரை பல இடங்களில் கருமணல் உண்டு. அதிலுள்ள மோனசைட் தோரியம் கலந்தது. ஆகவே இயற்கையாகவே கதிர்வீச்சு மிகுந்தது. என் அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள், எங்கள் ஊர் மண்ணின் பெயரைக் கேட்டுவிட்டு, வேறு காரணம் சொல்லி நழுவினார்கள். பள்ளியிறுதி வகுப்பில் இருந்த எனக்கு அன்று பதில் சொல்லத் தெரியவில்லை.

இப்போது சிறிது தெரியும். கேரளத்தின் அக்கடற்கரையில் 1995 முதல் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து பரிசோதித்து வந்துள்ளார்கள். ஏறத்தாழ 1,40,000 குழந்தைகளைப் பார்த்த பின்னும், பிறவி ஊனத்திற்கும் அம்மண்ணின் கதிர்வீச்சுக்கும் தொடர்பு காணப்படவில்லை. 1986இல் விபத்துக்குள்ளான செர்னோபில் அணு உலையின் கதிருக்கு ஆளான பெற்றோருக்குப் பிறந்த 130 பேரின் மரபுத்தொகுதி முழுவதையும் படித்து, 2021இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. பெற்றோரிடம் இல்லாத புதிய சடுதி மாற்றங்கள் அவர்களிடமும் இயல்பைவிடக் கூடவில்லை.

விடுமுறைக்குப் போனபோது இதையெல்லாம் அடுப்படியில் உட்கார்ந்து அம்மாவிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்ட அம்மா, அப்படியானால் ஒன்றுமே இல்லையா என்று கேட்டார்கள். ஒன்றும் காணப்படவில்லை என்றேன். இரண்டும் ஒன்றல்ல என்பதை விளக்க எனக்கு இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தது. முல்லர் இருந்த குழு 1947இலேயே அந்த வேறுபாட்டைச் சொல்லியிருந்தது. அதை மறைக்காமல் சொல்வதுதான் அறிவியல். ஆனால் காணப்படாத ஒன்றைக் காரணம் காட்டி ஒரு பெண்ணை ஒதுக்குவதற்கு எந்த அறிவியலும் இடம் தரவில்லை என்பதையும் அதே உறுதியோடு நாம் சொல்ல வேண்டும். அக்காவுக்கு அடுத்த ஆண்டே திருமணம் ஆயிற்று. மாப்பிள்ளை வீட்டாரிடம் மண்ணைப் பற்றி எதையும் மறைக்காமல் எடுத்துச் சொன்னவர்கள் எழுதப் படிக்கத் தெரியாத என் அம்மாதான்.

தோழர்களே! ஆய்வுக்கூடத்தில் அடுத்த முறை ஈக்கள் நிறைந்த புட்டியைக் கையில் எடுக்கும்போது, வெளிச்சத்தில் ஒரு கணம் பிடித்துப் பாருங்கள். முல்லரை நினைத்துக்கொள்ளுங்கள்.